மைதானத்தில் நின்ற முப்பது பேர்

ராணுவ வரலாறு நம்முடைய பக்கங்களுக்கு ஆகாத சரக்கு என்றொரு எண்ணம் நமக்கு இருக்கிறது. போரின் துயரம் பற்றிக் கவிதை போடுவோம், அகதி முகாம் பற்றிக் கட்டுரை போடுவோம், மனித உரிமை அறிக்கைகளை மொழிபெயர்ப்போம். ஆனால் ஒரு சண்டை எப்படி நடந்தது, யார் எந்த இடத்தில் நின்றார்கள், யாருக்கு என்ன ஆணை இருந்தது, யார் கையில் என்ன துப்பாக்கி இருந்தது போன்ற கேள்விகளை ஓய்வுபெற்ற ஜெனரல்களிடம் விட்டுவிட்டோம். விளைவு என்ன? போர் எப்படி இயங்கியது என்பதை அவர்கள் எழுதுகிறார்கள். எவ்வளவு வலித்தது என்பதை நாம் எழுதுகிறோம். அவர்கள் எழுத்தில் வீரம் இருக்கிறது, நம் எழுத்தில் கண்ணீர் இருக்கிறது. அதிகாரம் மட்டும் இரண்டு எழுத்திலிருந்தும் நழுவிப் போய்விடுகிறது.

இங்கே நான் ஒரே ஒரு இரவை எடுத்துக்கொள்கிறேன். 1987 அக்டோபர் 11 நள்ளிரவு தாண்டி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய ராணுவத்தின் பாராசூட் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய இரவு. இந்தியத் தரப்பில் 35 பேர் செத்தார்கள். அதில் 6 பேர் கமாண்டோக்கள். மீதி 29 பேர் யார் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கூடவே இன்னொன்று: அந்த 35 என்ற கணக்கில் வராதவர்கள் யார்?

1

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாளே அமைதிப்படை பலாலியில் இறங்கத் தொடங்கியது. மாலை போட்டு வரவேற்றார்கள் யாழ்ப்பாணத்துச் சனங்கள். செப்டம்பர் 15இல் உண்ணாவிரதம் தொடங்கிய திலீபன் 26ஆம் தேதி இறந்தார். அக்டோபர் 3இல் புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட 17 புலிகளை இலங்கைக் கடற்படை பிடித்தது. கொழும்புக்குக் கொண்டுபோக முயன்றபோது, 5ஆம் தேதி பலாலியில் அவர்கள் சயனைட் கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் கிழக்கில் சிங்களக் குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 10ஆம் தேதி 'ஈழமுரசு', 'முரசொலி' பத்திரிகைகளின் அச்சகங்களை இந்தியப் படை தகர்த்தது. சமாதானம் காக்க வந்த படையின் முதல் இலக்கு அச்சு இயந்திரமாக இருந்ததை எழுதுகிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது ராணுவத் தலைமைத் தளபதி கே. சுந்தர்ஜி. அமைதிப்படையின் ஒட்டுமொத்தத் தளபதி தீபிந்தர் சிங். யாழ்ப்பாணத்தில் இருந்த 54ஆவது காலாட்படை டிவிஷனின் தளபதி ஹர்கிரத் சிங். கொழும்பில் இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித். புலிகளை ஒடுக்குவது சில நாள் வேலை, மிஞ்சினால் இரண்டு வாரம் என்ற நம்பிக்கை மேலிடத்தில் இருந்தது. அந்த நம்பிக்கையின் சுருக்க வடிவம்தான் ஹெலிகாப்டர் திட்டம்: தலைமையகத்தில் இறங்கு, பிரபாகரனைப் பிடி, கதை முடிந்தது.

ஹர்கிரத் சிங் 2007இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி வருகிறது. பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ வேண்டும் என்று தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும், வெள்ளைக்கொடியின் கீழ் வருகிறவனைச் சுடமாட்டேன் என்று தான் மறுத்ததாகவும் எழுதுகிறார். யார் சொன்னது சரி என்பது வேறு சங்கதி. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சிந்தனை முறை. ஒரு சமூகத்தின் அரசியல் ஒரே ஒரு தலைக்குள் இருக்கிறது, அந்தத் தலையை எடுத்துவிட்டால் அரசியல் தீர்ந்துவிடும் என்பது அரசுகளின் நீண்டகால மூடநம்பிக்கை. கமாண்டோ என்ற ஆள் இந்த மூடநம்பிக்கைக்குத் தேவைப்படுகிற ஆள். பத்தாயிரம் பேரை அனுப்பி ஒரு நகரத்தைப் பிடிப்பது அசிங்கமான காரியம். நூறு பேரை அனுப்பி ஒரு தலையைக் கொண்டுவருவது சுத்தமான காரியம். அரசு தன் வன்முறை சுத்தமானது என்று நம்ப விரும்பும்போதெல்லாம் கமாண்டோவைக் கூப்பிடுகிறது.

2

இரவு நடந்தது இதுதான். 10ஆவது பாரா கமாண்டோ பிரிவைச் சேர்ந்த நூற்றுச் சொச்சம் பேர் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கி, கொக்குவில் – கோண்டாவில் பக்கம் இருப்பதாகக் கருதப்பட்ட புலிகளின் தலைமையிடத்தைத் தாக்க வேண்டும். 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு கம்பெனி பின்னாலேயே இறங்கி மைதானத்தைப் பிடித்துவைக்க வேண்டும். எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்கள் தவணை தவணையாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும்.

இந்தியப் படையின் வயர்லெஸ் பேச்சைப் புலிகள் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மைதானத்தைச் சுற்றித் துப்பாக்கிகள் காத்திருந்தன. கமாண்டோக்கள் இறங்கினார்கள். சீக்கியர்களில் 30 பேர் இறங்கினார்கள். அதற்குள் ஹெலிகாப்டர்கள்மீது குண்டு பாய்ந்து, அடுத்த தவணை வர முடியாமல் போயிற்று. கம்பெனி வரவில்லை. வந்தது அதில் ஒரு துண்டு.

கமாண்டோக்கள் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். இருட்டில், தெரியாத ஒழுங்கைகளில், வேலி தாண்டி வளவு தாண்டிப் போனார்கள். தேடிப்போன ஆள் கிடைக்கவில்லை. விடிந்தபோது சுற்றி வளைக்கப்பட்டு, வீடுகளுக்குள் புகுந்து அங்கிருந்து சுட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள். மீட்க வந்த டாங்கிகள் கண்ணிவெடி பதித்த சாலைகளைத் தவிர்த்து ரயில் பாதைமேல் ஏறி வந்தன. டாங்கிப் படையின் அதிகாரி ஒருவர் அதில் ஒரு கண்ணை இழந்தார். கமாண்டோக்களில் 6 பேர் போக மற்றவர்கள் வெளியே வந்தார்கள்.

மைதானத்தில் நின்ற 30 பேரின் தலைவர் மேஜர் பிரேந்திர சிங். இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம் என்று கமாண்டோ அதிகாரி சொன்னதாகவும், மைதானத்தைப் பிடித்துவைப்பதே தன் வேலை, மீதிப் பேர் வருவார்கள் என்று அவர் நின்றுவிட்டதாகவும் படைத்தரப்பு எழுத்துகளில் வருகிறது. அவர்களுடைய வயர்லெஸ் செயலிழந்தது. யாருக்கும் யாரும் எதுவும் சொல்ல முடியாமல் போயிற்று. கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, எதிரே ஏ.கே.-47. மறுநாள் முற்பகல் வரை சுட்டார்கள். தோட்டா தீர்ந்தபிறகு எஞ்சிய மூன்று பேர் துப்பாக்கிமுனைக் கத்தியோடு ஓடினார்கள் என்று சொல்லப்படுகிறது. 29 பேர் இறந்தார்கள். சிப்பாய் கோரா சிங் ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார். நடந்ததை இந்தியத் தரப்பு முழுதாகத் தெரிந்துகொண்டதே பிற்பாடு அவர் வாயால்தான்.

3

ராணுவ எழுத்தாளர்கள் கேட்கிற கேள்வி, கமாண்டோக்கள் நன்றாகச் சண்டை போட்டார்களா என்பது. இந்தக் கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்லிவிடலாம். போட்டார்கள். சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்தது, நிற்காமல் நகர்ந்தது, திறந்தவெளியை விட்டுச் சுவருக்குப் பின்னால் போனது, தோட்டாவைச் சிக்கனமாகச் செலவழித்தது எல்லாமே பயிற்சியின் விளைவுதான். பெரும்பாலோர் உயிரோடு திரும்பியது அதிர்ஷ்டத்தால் மட்டுமல்ல. அதே நேரம், அவர்கள் எதற்காகப் போனார்களோ அந்தக் காரியத்தில் ஒரு துளிகூட நடக்கவில்லை. அவர்களுடைய திறமை முழுவதும் அவர்களையே காப்பாற்றிக்கொள்வதில் செலவாயிற்று. அவர்களை மீட்கப் போனதில் வேறு பல உயிர்கள் போயின.

இந்தப் பிரிவின் பூர்வீகத்தையும் பார்க்க வேண்டும். 10 பாரா கமாண்டோ 1967இல் உருவானது. பாலைவனச் சண்டைக்குப் பழக்கப்பட்டது. 1971 போரில் ஜெய்ப்பூர் ராஜகுடும்பத்து பவானி சிங் தலைமையில் சிந்து மாகாணத்துச் சாச்ரோவரை போய்த் தாக்கித் திரும்பியது அதன் பெரும்புகழ். வெட்டவெளியில், இரவில், ஜீப்பில் போய் அடித்துவிட்டுத் திரும்பும் கலை அது. அந்தக் கலையை எடுத்துக்கொண்டுவந்து கிடுகு வேலியும் மதிலும் கிணற்றடியும் வாழைத் தோட்டமும் நெருக்கியடிக்கிற யாழ்ப்பாணத்துக் குறிச்சியில் இறக்கினார்கள். பயிற்சி என்பது எங்கேயும் செல்லுபடியாகும் ரூபாய் நோட்டு கிடையாது. அது ஒரு நிலத்தோடும் ஒரு வகை எதிரியோடும் சேர்ந்தே மதிப்புப் பெறுகிறது.

'தேர்ந்த படை' என்பதை நாம் ஓர் ஆளின் குணமாக, உடம்பின் குணமாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். சினிமாவும் அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் அது ஒரு உறவு. சரியான தகவல், அடுத்த தவணை ஹெலிகாப்டர், வேலை செய்கிற வயர்லெஸ், பின்னால் நின்று வாசலைப் பிடித்துக்கொள்கிற சாதாரணச் சிப்பாய் என்று எல்லாம் சேர்ந்து கிடைக்கிற மதிப்பு அது. இதில் ஒன்று அறுந்தாலும் கமாண்டோ, இருட்டில் வழி தெரியாத ஒரு மனிதன், அவ்வளவுதான்.

சேலம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்துகளில் அபிமன்னன் சண்டை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. பின்னால் வருகிறோம் என்று சொன்ன பெரியப்பன், சித்தப்பன்மார்களைச் சயிந்தவன் வாசலிலேயே மறித்துவிடுகிறான். அபிமன்னன் செத்தது திறமைக் குறைவாலா? இல்லை. பின்தொடர வேண்டியவர்கள் வராததால் செத்தான். ஆனால் கூத்து விடிய விடிய அழுவது ராஜகுமாரனுக்காக. அவன் தேருக்குப் பின்னால் ஓடிய காலாள்கள் எத்தனை பேர், அவர்கள் பேர் என்ன, எந்த ஊர்? மேடையில் அவர்களுக்கு வேஷமே கிடையாது. பல்கலைக்கழக மைதானத்தில் இந்தக் கதை தலைகீழாகியிருக்கிறது. அபிமன்னன் அடிபட்டாலும் வெளியே வந்துவிட்டான். வாசலில் நின்ற காலாள்கள்தான் மாண்டார்கள். கதைசொல்லல் மட்டும் மாறவேயில்லை.

4

அந்தக் காலாள்கள் யார்?

சீக்கிய இலகு காலாட்படை என்பது சீக்கிய ரெஜிமென்ட் அல்ல. சீக்கிய ரெஜிமென்ட் பெரும்பாலும் ஜாட் சீக்கியர்களைச் சேர்ப்பது. இலகு காலாட்படையில் சேர்க்கப்படுகிறவர்கள் மஜபி, ராம்தாசியா சீக்கியர்கள். நம்முடைய சொல்லில் சொன்னால் தலித் சீக்கியர்கள். 1675இல் தில்லியில் வெட்டப்பட்ட குரு தேக் பகதூரின் தலையை ஆனந்தபூருக்குச் சுமந்து வந்த பாய் ஜைத்தாவின் வழிவந்தவர்கள் என்று மஜபிகள் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். சீக்கிய மதம் சாதியை ஏற்காது. ஆனால் கிராமத்தில் நிலம் ஜாட்டுகளிடம், கூலி இவர்களிடம். தனிக் குடியிருப்பு, பல இடங்களில் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு.

வெள்ளைக்காரன் இவர்களை முதலில் சீக்கியப் பயனீர் படைகளில் வைத்திருந்தான். பயனீர் என்றால் ரோடு போடுவது, பள்ளம் வெட்டுவது, தேவைப்பட்டால் சுடுவது. 1930களின் தொடக்கத்தில் பணமில்லை என்று அந்தப் படைகளைக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மஜபி – ராம்தாசியா சீக்கிய ரெஜிமென்ட் என்று மறுபடி கூட்டினார்கள். 1944இல் அதன் பேர் சீக்கிய இலகு காலாட்படை ஆயிற்று.

இது பஞ்சாப் கதை மட்டுமல்ல. பறையர்கள் நிறைந்திருந்த மதராஸ் பயனீர் படையையும் அதே காலகட்டத்தில் கலைத்தார்கள். மகர்களுக்கும் இதே கதி. முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு விலக்கி, மறுபடி 1941இல் மகர் ரெஜிமென்ட் என்று கூட்டினார்கள். இதற்கெல்லாம் அடிப்படை 'போர் மரபினர்' என்ற கொள்கை. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்து, பிறகு இந்திய ராணுவத்துக்கே தளபதியான ராபர்ட்ஸ் பிரபு இதன் பெரிய பூசாரி. தெற்கத்தியானுக்குச் சண்டை வராது, வடமேற்கத்தியானுக்கு அது ரத்தத்திலேயே உண்டு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. காலனிய அரசு நம் சாதியத்தின் மேல் ஓர் இனவாதத்தைப் பூசி ராணுவக் கணக்கேடாக மாற்றிக்கொண்டது. 1947க்குப் பிறகும் ரெஜிமென்ட்களின் பேரும் ஆள்சேர்ப்பு முறையும் பெருமளவு அப்படியே இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தலித் சீக்கியர்கள் என்பதால் திட்டமிட்டு அவர்களை மைதானத்தில் பலிகொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. அப்படி எழுதுவது எளிது, கைதட்டும் கிடைக்கும். நான் சொல்ல வருவது வேறு. ஒரு படைக்குள் 'தாக்குகிறவன்', 'பிடித்துவைக்கிறவன்' என்ற பிரிவினை இருக்கிறது. தாக்குகிறவனுக்கு நகரும் சுதந்திரம் உண்டு, சூழ்நிலைக்கேற்ப முடிவெடுக்கும் உரிமை உண்டு. பிடித்துவைக்கிறவனுக்கு நின்ற இடத்தில் நிற்கும் கடமை மட்டும்தான் உண்டு. அன்றிரவு கமாண்டோக்களைக் காப்பாற்றியது நகரும் சுதந்திரம். சீக்கியர்களைக் கொன்றது நிற்கும் கடமை. இரண்டு தரப்பின் வீரத்திலும் எள்ளளவு வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஆணையில் இருந்தது. யாருக்கு எந்த வகை ஆணை வந்துசேர்கிறது என்பதைத் தீர்மானிப்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 'நில் என்றால் நிற்பவன்' என்ற பேர் ஒரு சமூகத்துக்குப் பாராட்டாகக் கொடுக்கப்படும்போது அந்தப் பாராட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

இன்னொரு முரணும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால், 1984 ஜூனில், அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்தது. அங்கேயும் பாரா கமாண்டோக்களைத்தான் முதலில் அனுப்பினார்கள், அங்கேயும் சில மணி நேர வேலை என்றுதான் நம்பினார்கள். பளிங்குச் சுற்றுப்பாதையில் அடிமேல் அடி வாங்கி, கடைசியில் டாங்கியைக் கொண்டுவந்து அகால் தக்தைச் சுட்டார்கள். அரசின் வெள்ளை அறிக்கைப்படி ராணுவத்தில் 83 பேர் சாவு. உள்ளே செத்த யாத்ரீகர்களின் கணக்கு இன்றுவரை தகராறு. அப்போது மேற்குக் கட்டளைப் பகுதியின் தளபதி யார்? அதே சுந்தர்ஜி. அமிர்தசரஸில் கற்றிருக்க வேண்டிய பாடத்தை யாழ்ப்பாணத்தில் மறுபடி எழுதிப் பார்த்தார்கள், இந்தமுறை சீக்கியச் சிப்பாய்களின் உடம்பில். சொந்தக் கோயிலை இடித்த அரசுக்காக, அந்தக் கோயிலைக் கேட்டறியாத இன்னொரு மக்களின் ஊரில் போய் நின்று செத்தார்கள் 29 பேர்.

5

இப்போது 35 என்ற கணக்கில் வராதவர்களிடம் வருகிறேன்.

கமாண்டோக்கள் 'வீடுகளுக்குள் புகுந்து' தாக்குப்பிடித்தார்கள் என்று மேலே எழுதினேன். எல்லா நூல்களிலும் இந்த வாக்கியம் இப்படித்தான் வருகிறது. யாருடைய வீடு? வீட்டில் அப்போது யார் இருந்தார்கள்? ராணுவ எழுத்தில் வீடு என்பது சுவர், சுடுவதற்கான ஜன்னல், மறைப்பு. அங்கே அடுப்படி கிடையாது, கட்டிலில் படுத்திருக்கும் கிழவி கிடையாது. நகரப் போர் என்ற சொல்லே ஏமாற்றுச் சொல். நகரம் என்று எதுவும் தனியாகச் சண்டைபோடுவதில்லை. ஒருத்தர் வீட்டுக்குள் நடக்கிற சண்டை அது.

கொக்குவில் பிரம்படியில் 12ஆம் தேதியும் அதையொட்டியும் நடந்ததை 'முறிந்த பனை' பதிவு செய்திருக்கிறது. மீட்க வந்த டாங்கிகளும் படையாட்களும் போன வழியில் குடிமக்கள் பத்துக் கணக்கில் கொல்லப்பட்டார்கள். சுடப்பட்டார்கள், சிலர்மீது டாங்கி ஏறியது. தங்கள் ஆட்கள் செத்த ஆத்திரம் கையில் கிடைத்தவர்கள்மீது இறங்கியது. கமாண்டோக்களை மீட்ட அந்த வீரதீர ரயில்பாதைப் பயணமும் பிரம்படிச் சாவுகளும் இரண்டு சம்பவங்கள் அல்ல, ஒரே சம்பவம். ஒரு நூலில் முதல் பாதி, இன்னொரு நூலில் இரண்டாம் பாதி. சேர்த்துப் படித்தால்தான் அந்த நாள் நமக்குக் கிடைக்கும்.

பிறகு அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் படை புகுந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என்று ஏறக்குறைய 70 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 21 பேர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். அது தேர்ந்த படையின் வேலையும் அல்ல, மோசமான படையின் வேலையும் அல்ல. இரண்டு வாரத்தில் முடியும் என்று சொல்லி அனுப்பப்பட்டு, ஒவ்வொரு ஒழுங்கையிலும் அடிவாங்கி, எல்லா முகமும் எதிரி முகமாகத் தெரிய ஆரம்பித்த படையின் வேலை. மாத இறுதியில் நகரம் இந்தியப் படை கைக்கு வந்தது. புலிகள் வன்னிக்குப் போய்விட்டார்கள். பிடித்தது காலி நகரத்தை.

1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் அமெரிக்காவின் ரேஞ்சர், டெல்டா படைகளுக்கு இதே கதை நடந்தது. தலைவனின் ஆட்களைப் பிடிக்க ஹெலிகாப்டரில் போனார்கள். இரண்டு ஹெலிகாப்டர்கள் விழுந்தன, ஓர் இரவு முழுக்க வளைக்கப்பட்டார்கள். 18 அமெரிக்கர்கள் செத்தார்கள். பின்னால் ஹாலிவுட் படமும் எடுத்தார்கள். அந்த 18 பேருக்கும் பேர் உண்டு, ஊர் உண்டு. சோமாலியர் சாவு 'சில நூறு' என்று மட்டும் இருக்கிறது. எண்ணப்படுவதற்கும்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

6

இதுவரை சொன்னதை நம் தோழர்கள் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். இனிச் சொல்லப்போவது அப்படி இருக்காது.

சூரமங்கலத்திலிருந்து மேட்டூர் வழியாக அறுபது கிலோமீட்டர் போனால் கொளத்தூர். 1980களின் நடுவில் அங்கே புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. இடம் கொடுத்து ஆதரித்தவர் அன்று திராவிடர் கழகத்தில் இருந்த கொளத்தூர் மணி. அந்த இடத்துக்குப் 'புலியூர்' என்று பேரே நின்றுவிட்டது. பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த பொன்னம்மான் 1987 பிப்ரவரியில் கைதடியில் நடந்த வெடிவிபத்தில் இறந்தார். அதற்கும் முன்னால், 1983க்குப் பிறகு, இந்திய உளவுத்துறையே வடக்கே டேராடூன் பக்கம் ஈழப் போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. ஆகப் பல்கலைக்கழக மைதானத்தைச் சுற்றி நின்றவர்களும் ஒரு வகையில் தேர்ந்த படையே. ஒரு தரப்பைப் பயிற்றுவித்ததும் இந்திய அரசு, மறுதரப்பைப் பயிற்றுவித்ததும் இந்திய அரசு. நடுவில் நம்ம மேட்டூர் மலையடிவாரமும் இருக்கிறது.

இன்னைக்கும் ஜங்ஷன் பக்கம் டீக்கடைகளில் பழைய ஆட்கள் பேச்சில் இது வரும். "பெரிய கமாண்டோன்னு வந்தானுங்க, நம்ம பசங்க ஒரே ராத்திரில மண்ணைக் கவ்வ வெச்சுட்டானுங்க." இதில் இருக்கிற சந்தோஷம் எனக்குப் புரிகிறது. நூறு வருஷமாகத் தெற்கத்தியானுக்குச் சண்டை வராது என்று சொல்லப்பட்ட சமூகத்தின் சந்தோஷம் அது. ஆனால் ராபர்ட்ஸ் பிரபுவுக்கு நாம் சொல்கிற பதில், 'நாங்களும் போர் மரபினர்தான்' என்பதாக இருந்தால் ஜெயித்தது ராபர்ட்ஸ். அவருடைய அளவுகோலை வாங்கி நம் தோளில் வைத்துக்கொண்டோம் என்றுதான் அர்த்தம். 'மண்ணைக் கவ்விய' கமாண்டோக்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பிவிட்டார்கள் என்பதும், மண்ணில் கிடந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாபின் சேரிகளிலிருந்து வந்தவர்கள் என்பதும் அந்த டீக்கடைப் பேச்சில் வருவதில்லை. சாதி ஒழிப்பு பேசுகிற நம்முடைய மேடைகளிலும் வந்ததில்லை.

புலிகளின் தேர்ந்த தன்மைக்கும் ஒரு விலை இருந்தது. கழுத்தில் சயனைட் குப்பி என்பது 'நில்' என்ற ஆணையின் உச்சம். மைதானத்துச் சீக்கியனுக்காவது பிடிபட்டு உயிரோடு இருக்கும் வாய்ப்பு இருந்தது. வீடுகளுக்கு நடுவே நின்று சண்டையிட்டால் டாங்கி வீட்டுக்குத்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. 'முறிந்த பனை' எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம, அதே பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். இந்தியப் படையின் கொடுமைகளையும் புலிகளின் கொடுமைகளையும் ஒரே நூலில் எழுதியதால் அவர் எல்லாருக்கும் வேண்டாதவர் ஆனார். 1989 செப்டம்பர் 21இல், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது புலிகள் என்றே அவருடைய சக ஆசிரியர்கள் சொல்லிவருகிறார்கள். இரண்டு பக்கக் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதியவரை ஒரு சமூகம் காப்பாற்ற முடியாமல் போனது.

தேர்ந்த படை என்றால் என்ன என்று கொளத்தூர் பக்கத்து மலையோர ஜனங்களிடமும் கேட்கலாம். வீரப்பனைப் பிடிக்க வந்த அதிரடிப்படையை அவர்கள் அறிவார்கள். அங்கேயும் திட்டம் ஒரே ஒரு தலை. அந்தத் தலை 2004இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் முகாம்களில் அடிபட்டவர்கள், கரண்ட் வைக்கப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சாதாரணக் கிராமத்து ஆட்கள். 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டு விசாரித்தது. 2007இல் 89 பேருக்கு இழப்பீடு என்று உத்தரவாயிற்று. கொக்குவிலும் கொளத்தூரும் தூரத்து ஊர்கள் அல்ல.

7

அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச் 24இல் திரும்பியது. 32 மாதத்தில் 1,100 பேருக்கும் மேல் இறந்திருந்தார்கள். சென்னையில் இறங்கிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அந்தப் போரில் வழங்கப்பட்ட ஒரே பரம்வீர் சக்கரம் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு, இறந்தபின். அவர் தமிழர். இறந்தது 1987 நவம்பர் 25இல் யாழ்ப்பாணத்தில். பணிபுரிந்தது மகர் ரெஜிமென்ட்டில். தமிழர் ஒருவர், மகர்களின் பேர் தாங்கிய படையில், தமிழர் ஊரில், தமிழர் கையால் செத்தார். 'நாம்', 'அவர்கள்' என்று எழுதுகிற எவரும் இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று யோசிக்கட்டும்.

கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் அமைதிப்படைக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. கட்டியது இலங்கை அரசு. பிரம்படியில் இறந்தவர்களை ஊரார் அக்டோபர்தோறும் நினைவுகூர்கிறார்கள். கமாண்டோக்கள் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்றும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. பிரம்படிப் பட்டியலில் சீக்கியர் பேர் இருக்க முடியாது, நியாயம்தான். ராணுவப் பட்டியலில் பிரம்படிப் பேர் இருக்காது, அதுவும் எதிர்பார்த்ததே. ஆனால் எந்தப் படையிலும் சேராத, எந்த ரெஜிமென்ட்டுக்கும் கணக்கு ஒப்படைக்க வேண்டாத நம் சிறுபத்திரிகைகளில் மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சடிக்க என்ன தடை? ஹர்கிரத் சிங்கையும் தீபிந்தர் சிங்கையும் தீட்சித்தையும் தமிழில் கொண்டுவர வேண்டும், 'முறிந்த பனை'க்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படிக்க வேண்டும். பஞ்சாபின் மஜபி எழுத்தாளர்கள் அந்த 29 பேரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேட வேண்டும். கமாண்டோ நன்றாகச் சண்டை போட்டானா என்ற கேள்வியை ஜெனரல்கள் கேட்டுக்கொள்ளட்டும். அவனுக்கு வாசல் பிடித்து நின்றவன் யார், அவன் மறைந்துகொண்ட வீடு யாருடையது என்பவை நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.